பரவினால் மெலியுமா?
அமெரிக்கக் குடியரசின் தொடக்கக் காலத்தில் நிலமும் அடிமை முறையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உலக வரலாற்றில் ஏதேனும் ஒரு பொருளை எடுத்து, துறை சாராதவருக்கும் விளங்கும்படி பேச வேண்டும் என்று என்னைப் பணித்தார்கள். அமெரிக்க வரலாறு என்றால் நமக்கு வாஷிங்டன் நினைவுக்கு வருவார். அடுத்து லிங்கன் வருவார். இருவருக்கும் இடைப்பட்ட எழுபது ஆண்டுகளை நம் பாடநூல்கள் ஓரிரு பத்திகளில் தாண்டிவிடும். அந்த இடைக்காலத்தின் முதற்பாதியைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் மூன்று எண்கள். 1790இல் அமெரிக்கா தன் முதல் மக்கள்தொகைக் கணக்கை எடுத்தபோது அங்கிருந்த அடிமைகள் ஏறத்தாழ 7 லட்சம் பேர். 1820இல் அது 15 லட்சத்தைத் தாண்டியது. 1860இல் ஏறத்தாழ 40 லட்சம். இத்தனைக்கும் அந்தக் குடியரசை உருவாக்கியவர்களில் பலர் அடிமை முறை தீமை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். காலப்போக்கில் அது தானாகத் தேய்ந்து மறையும் என்றும் நம்பினார்கள். தேயும் என்றது ஏன் ஐந்து மடங்குக்கு மேல் வளர்ந்தது?

பருத்திதான் காரணம் என்பது வழக்கமான விடை. தவறான விடை என்று சொல்லமாட்டேன். ஆனால் பருத்திக்கு நிலம் வேண்டும். அந்த நிலத்தில் அடிமையை வைத்து வேலை வாங்கலாமா, கூடாதா என்பதை மண்ணும் மழையும் முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்தில் கைதூக்கி முடிவு செய்தார்கள். அப்படிக் கைதூக்கியவர்களின் மனச்சான்றுக்கு ஒரு வாதம் துணை நின்றது. அடிமைகளைப் பரந்த நிலத்தில் பரவவிட்டால் அடிமை முறை மெலிந்துவிடும் என்பதே அந்த வாதம். அது எப்படிப் பிறந்தது, யாருக்குப் பயன்பட்டது, எங்கே பொய்த்தது என்பதே இன்றைய உரை.

ஐந்துக்கு மூன்று

1787 கோடையில் பிலடெல்பியாவில் அரசமைப்புச் சட்டம் உருவானது. அடிமை முறை தொடர்பாக அதில் மூன்று ஏற்பாடுகள் உண்டு. பிரதிநிதிகள் அவையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்கிடும்போது, ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குவதை 1808 வரை நாடாளுமன்றம் தடுக்கக் கூடாது. தப்பியோடி வேறு மாநிலத்தில் புகுந்தவரை உடையவரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

இவற்றில் முதலாவதுதான் நம் கதைக்கு முக்கியம். வாக்குரிமை இல்லாத ஒருவர், தம்மை விலைக்கு வாங்கியவரின் மாநிலத்துக்கு வாக்கு வலிமை சேர்த்துக் கொடுத்தார். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவுக்கும் இதே கணக்குதான். 1800 தேர்தலில் ஒரே அணியில் நின்ற ஜெபர்சனும் ஆரன் பர்ரும் தலா 73 வாக்குப் பெற்றார்கள். ஜான் ஆடம்ஸ் 65. அடிமைகளை எண்ணிச் சேர்த்ததால் தெற்குக்குக் கிடைத்த கூடுதல் வாக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வென்றிருக்க வேண்டியவர் ஆடம்ஸ். ஆகவே, அடிமைகள் உள்ள புதிய மாநிலம் ஒன்று பிறந்தால் தோட்ட முதலாளிக்குப் பயிர் நிலமும் கிடைத்தது, அரசியலில் கூடுதல் வலிமையும் கிடைத்தது.

அதே கோடையில் நியூயார்க்கில் கூடியிருந்த பழைய நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் இயற்றியது. ஒகையோ ஆற்றுக்கு வடக்கே உள்ள பிரதேசத்தில் அடிமை முறை இருக்கக் கூடாது என்றது அது. இதற்கு ஒரு முன்கதை உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன், 1784இல், மேற்குப் பிரதேசம் முழுவதிலும் 1800க்குப் பிறகு அடிமை முறை கூடாது என்று ஜெபர்சனே ஒரு வரைவு கொண்டுவந்தார். ஒரே ஒரு மாநிலத்தின் வாக்குக் குறைவால் அந்த விதி விழுந்தது. நியூஜெர்சிப் பிரதிநிதி ஒருவர் நோய்வாய்ப்பட்டு அவைக்கு வரவில்லை. முழு மேற்குக்கும் நினைத்த விதி, 1787இல் வடபாதிக்கு மட்டும் மிஞ்சியது. ஆற்றுக்குத் தெற்கே கதவு திறந்தே கிடந்தது.

வாதம் பிறக்கிறது

1798இல் மிசிசிப்பிப் பிரதேசத்துக்கு அரசு அமைக்கும் மசோதா வந்தபோது, மாசசூசெட்ஸ் உறுப்பினர் ஜார்ஜ் தாட்சர் அங்கே அடிமை முறையைத் தடுக்கத் திருத்தம் கொண்டுவந்தார். கிடைத்தவை 12 வாக்குகள். எதிர்த்துப் பேசிய வர்ஜீனியாக்காரர்கள் அடிமை முறையைப் புகழவில்லை. கிழக்கில் நெருக்கமாக இருக்கும் அடிமைகள் மேற்கே பரவினால் அவர்கள் நிலை மேம்படும், கிளர்ச்சி அச்சம் குறையும், பின்னாளில் விடுதலை செய்வதும் எளிதாகும் என்றார்கள். உப்புக் கரிக்கிற குழம்பில் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்வதைப்போல அவர்கள் இதை எண்ணினார்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்தது உப்பு அல்ல, விதை. தூவ இடம் கிடைத்தால் விதை என்ன செய்யும் என்பது உழவர் வீட்டில் பிறந்த எவருக்கும் தெரியும்.

இதை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்க மாட்டேன். வர்ஜீனியாவில் புகையிலை போட்டுப் போட்டு மண் சாரமிழந்திருந்தது. வேலைக்குத் தேவையானதைவிட அதிகமான அடிமைகள் இருந்தார்கள். 1800இல் ரிச்மண்ட் நகரருகே கேப்ரியல் என்ற கொல்லர் திட்டமிட்ட எழுச்சி காட்டிக்கொடுக்கப்பட்டு, 26 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அடிமை உடையவருக்கு அடிமைகளைக் கண்டு அச்சம். அவர்களை விற்றால் இலாபம். அச்சமும் இலாபமும் ஒரே திசையைக் காட்டும்போது அந்தத் திசையில் போவதற்கு ஒரு கொள்கையும் கிடைத்துவிடும்.

நிலம் வந்த வழி

1803இல் லூசியானா பிரான்சிடமிருந்து அமெரிக்காவுக்குக் கைமாறியது. 1.5 கோடி டாலருக்கு 8,28,000 சதுர மைல். நாட்டின் பரப்பு இரண்டு மடங்கானது. நெப்போலியன் ஏன் விற்றார்? கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான சான்-டொமாங்கு குடியேற்றத்தில் 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களை மீண்டும் அடக்க நெப்போலியன் தம் மைத்துனர் லெக்ளேர் தலைமையில் பெரும்படை அனுப்பினார். மஞ்சள் காய்ச்சலும் தீவு மக்களின் போரும் அந்தப் படையைக் கரைத்தன, லெக்ளேரும் மாண்டார். அந்தச் சர்க்கரைக் குடியேற்றம் கைவிட்டுப் போனபின், அதற்கு உணவு விளைவிக்க வைத்திருந்த லூசியானாவால் பயனில்லை என்று விற்றுவிட்டார். 1804 சனவரி முதல் நாள் ஹெய்ட்டி என்ற பெயரில் அந்தக் குடியேற்றம் விடுதலை பெற்றது.

அடிமைகள் தம் விடுதலைக்காகச் சிந்திய இரத்தத்தால் கிடைத்த நிலத்தில், அமெரிக்கா அடிமைத் தோட்டங்களை நட்டது. ஹெய்ட்டியை ஒரு நாடாக அங்கீகரிக்க அதற்கு 1862 வரை மனம் வரவில்லை. லூசியானா வாங்கிய அதே 1803இல் தென் கரோலினா தன் துறைமுகத்தை அடிமைக் கப்பல்களுக்கு மீண்டும் திறந்துவிட்டது. 1808 தடை வருவதற்குள் ஏறத்தாழ 40,000 ஆப்பிரிக்கர்கள் அங்கே இறக்கப்பட்டார்கள்.

தெற்கில் நிலம் வேறு வழியில் வந்தது. கிரீக் பழங்குடி மக்களுக்குள் மூண்ட போரில் அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் தலையிட்டு, 1814 மார்ச்சில் ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற ஆற்று வளைவில் ஒரு தரப்பை முறியடித்தார். ஆகஸ்டில் எழுதி வாங்கிய ஒப்பந்தத்தில் 2.3 கோடி ஏக்கர் பறிபோனது. ஜாக்சனோடு தோளோடு தோள் நின்று போரிட்ட கிரீக் மக்களின் நிலமும் அதில் அடக்கம். அந்த நிலத்தின் பெரும்பகுதி இன்றைய அலபாமா. 1819இல் அது மாநிலமாயிற்று.

அங்கே போட்ட பயிர் பருத்தி. 1793இல் எலி விட்னி பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரத்தைச் செய்தார். ஒட்டும் பச்சைக் கொட்டை கொண்ட குட்டை இழைப் பருத்தி உள்நாட்டு மண்ணில் நன்றாக விளையும். கொட்டை பிரிப்பதுதான் அதுவரை பெருந்தொல்லையாக இருந்தது. 1790இல் சில ஆயிரம் பொதிகளாக இருந்த விளைச்சல், 1820இல் 3 லட்சம் பொதியைத் தாண்டி, 1860இல் 40 லட்சத்தை நெருங்கியது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தப் பஞ்சை நம்பியே ஓடின. ஒரே நாட்டை நம்பியிருப்பது ஆபத்து என்ற கவலையில்தான், 1840இல் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தென்பகுதித் தோட்டக்காரர்கள் சிலரைச் சம்பளத்துக்கு அமர்த்தி இந்தியாவுக்கு அழைத்து வந்தது. கோயம்புத்தூரில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் அமெரிக்கப் பருத்திக்குச் சோதனைப் பண்ணைகள் நடந்தன. எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.

கடல் வழி வரவு நின்றபின் புதுத் தோட்டங்களுக்கு ஆள் எங்கிருந்து வந்தது? வர்ஜீனியாவிலிருந்தும் மேரிலாந்திலிருந்தும் வந்தது. உள்நாட்டுப் போர் வரையிலான எழுபது ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பழைய மாநிலங்களிலிருந்து தெற்குக்கும் மேற்குக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பங்கினர் வணிகர்களிடம் விற்கப்பட்டவர்கள். மேரிலாந்தில் பிறந்த சார்லஸ் பால் என்பவர் அப்படி விற்கப்பட்டவர். 1830களில் வெளிவந்த தன்வரலாற்றில் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்களின் கழுத்தில் இரும்பு வளையம் பூட்டி, ஒரே சங்கிலியில் கோத்து, பல வாரங்கள் நடத்திச் சென்றார்கள். மனைவி மக்களை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சியவருக்கு, ஜார்ஜியாவில் வேறு மனைவி கிடைப்பாள் என்பதே பதிலாகக் கிடைத்தது. நாடாளுமன்றத்தில் பரவுதல் என்று பேசப்பட்டது சாலையில் இப்படித்தான் நடந்தது.

மிசௌரி

இந்தப் பின்னணியில்தான் 1819 பிப்ரவரி 13 வருகிறது. லூசியானா நிலத்தின் ஒரு பகுதியான மிசௌரி, மாநிலத் தகுதி கேட்டு நிற்கிறது. அங்கே ஏறத்தாழ 10,000 அடிமைகள். நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மேட்ஜ் எழுந்து ஒரு திருத்தத்தை முன்வைக்கிறார். இனிப் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது. மாநிலமான பிறகு பிறக்கும் குழந்தைகள் 25 வயதில் விடுதலை பெற வேண்டும். அப்போது அடிமையாக இருக்கும் ஒருவரையும் அது விடுவிக்கவில்லை. டால்மேட்ஜின் சொந்த மாநிலம் 1799இல் ஏற்ற படிப்படியான விடுதலைச் சட்டத்தின் சாயல்தான் அது. இருந்தும் அவை கொந்தளித்தது. இரத்தத்தால் மட்டுமே அணையக்கூடிய தீயை மூட்டிவிட்டீர்கள் என்று ஜார்ஜியா உறுப்பினர் தாமஸ் காப் எச்சரித்தார்.

பிரதிநிதிகள் அவையில் திருத்தத்தின் இரு பகுதிகளும் 87க்கு 76, 82க்கு 78 என்று நிறைவேறின. மேலவையான செனட் நிராகரித்தது. வாக்குகள் கட்சிவாரியாகப் பிரியவில்லை. வடக்கு, தெற்கு என்று பிரிந்தன.

விவாதத்தில் பரவல் வாதம் முழு அலங்காரத்தோடு வந்தது. அவைத்தலைவர் ஹென்றி கிளே அதைப் பேசினார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஜான் டைலர் பேசினார். ஓய்விலிருந்த முன்னாள் குடியரசுத் தலைவர்கள் மேடிசனும் ஜெபர்சனும் கடிதங்களில் அதையே எழுதினார்கள். 1784இல் மேற்கு முழுவதையும் காக்க நினைத்த ஜெபர்சன், 1820இல் பிரெஞ்சு நண்பர் லஃபாயெட்டுக்கு எழுதிய கடிதத்தில், பரவினால் அடிமைகளுக்கும் நல்லது, விடுதலையும் நெருங்கும் என்கிறார். முப்பத்தாறு ஆண்டுகளில் அவர் நேர் எதிர்த்திசைக்கு வந்து சேர்ந்திருந்தார்.

மறுப்பும் உடனே வந்தது. பால்டிமோர் வழக்கறிஞர் டேனியல் ரேமண்ட் 1819இல் ஒரு சிறுநூல் எழுதினார். மக்கள்தொகை தனக்குக் கிடைக்கும் நிலத்துக்கும் உணவுக்கும் ஏற்பப் பெருகும். ஆகவே அடிமைகளைப் பரப்பினால் எண்ணிக்கை கூடுமே தவிரக் குறையாது என்று விளக்கினார். நியூயார்க் செனட்டர் ரூபஸ் கிங், ஐந்துக்கு மூன்று கணக்கால் பழைய அடிமை மாநிலங்களுக்கு 20 இடங்கள் கூடுதலாகக் கிடைத்துவிட்டன, அந்தச் சலுகையைப் புது நிலத்துக்கும் நீட்டுவது என்ன நியாயம் என்று கேட்டார். ஆகையால் அந்தக் காலத்து மனிதருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை என்று நாம் வக்காலத்து வாங்க முடியாது. அவர்கள் காலத்திலேயே, அவர்கள் மொழியிலேயே சொல்லப்பட்டது.

1820 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. மிசௌரி தன் விருப்பப்படி அடிமை மாநிலமாக வரலாம். மாசசூசெட்ஸிலிருந்து பிரிந்த மெய்ன் சுதந்திர மாநிலமாக வரும். செனட்டில் இரு தரப்பும் சமமாக இருக்கும். லூசியானா நிலத்தின் எஞ்சிய பகுதியில் 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது. மிசௌரிக்கான தடையை நீக்கும் வாக்கெடுப்பு 90க்கு 87 என்று வென்றது. வட மாநில உறுப்பினர் 14 பேர் தெற்கோடு சேர்ந்து வாக்களித்ததால் வந்த வெற்றி அது.

ஆற்றின் மறுகரை

மிசௌரிக்கு வேறு வழி இருந்ததா? இதற்கு விடை தேட அதிக தூரம் போக வேண்டாம். மிசிசிப்பி ஆற்றின் மறுகரைக்குப் போனால் போதும்.

எட்வர்ட் கோல்ஸ் வர்ஜீனியாவில் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை. மேடிசனின் தனிச் செயலாளராக இருந்தவர். 1814இல் ஜெபர்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். வர்ஜீனியாவில் அடிமை விடுதலைக்கு நீங்கள் தலைமை ஏற்க வேண்டும் என்று கேட்டார். எனக்கு வயதாகிவிட்டது, இது இளைஞர்களின் பணி, நீங்களும் ஊரையும் அடிமைகளையும் விட்டுப் போய்விடாதீர்கள் என்று ஜெபர்சன் பதில் எழுதினார். கோல்ஸ் கேட்கவில்லை. 1819 வசந்தத்தில், மிசௌரி விவாதம் சூடாக இருந்த அதே ஆண்டில், தம் அடிமைகளோடு ஒகையோ ஆற்றில் படகேறினார். போகும் வழியில் படகிலேயே அவர்களுக்கு விடுதலை அறிவித்தார். இல்லினாயில் குடும்பத் தலைவர்களுக்குத் தலா 160 ஏக்கர் நிலமும் கொடுத்தார்.

1822இல் அவர் இல்லினாய் ஆளுநரானார். அந்த மாநிலத்தில் 1787 தடைச் சட்டம் இருந்தும், பிரெஞ்சுக் காலத்து அடிமைகள் என்றும் நீண்டகால ஒப்பந்த வேலையாட்கள் என்றும் சொல்லிப் பலரை அடிமைகளாகவே வைத்திருந்தார்கள். மிசௌரிக்குப் போகும் பணக்காரக் குடியேறிகளைப் பார்த்து ஏங்கியவர்கள், இல்லினாயிலும் அடிமை முறையை வெளிப்படையாகச் சட்டமாக்க அரசமைப்பு மாநாடு கூட்ட முனைந்தார்கள். சட்டமன்றத்தில் ஒரு வாக்குக் குறைந்தபோது, எதிர்த்து நின்ற உறுப்பினர் ஒருவரின் பதவியைப் பறித்து வேறொருவரை உட்கார வைத்து மூன்றில் இரண்டு பங்கை எட்டினார்கள். கோல்ஸ் பதினெட்டு மாதம் போராடினார். 1824 ஆகஸ்டில் மக்கள் வாக்களித்தார்கள். மாநாடு வேண்டும் என்றவர்கள் 4,972. வேண்டாம் என்றவர்கள் 6,640.

அந்த வாக்காளர்களில் பலர் அடிமை மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். கறுப்பின மக்களைச் சமமாக நினைத்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே. தோட்ட முதலாளியோடு போட்டியிட விரும்பாத சிறு விவசாயிகள் ஏராளம். நோக்கம் எதுவானாலும் விளைவு பெரிது. ஒரே ஆறு, ஒத்த மண், ஒத்த குளிர். கிழக்குக் கரை ஒரு வழி போயிற்று, மேற்குக் கரை வேறு வழி போயிற்று. 1820இல் மிசௌரியில் 10,000ஆக இருந்த அடிமைகள் 1860இல் 1,14,000ஐத் தாண்டினார்கள்.

அவைக்கு வெளியே

நாடாளுமன்றத்தில் பேசியதை அங்கே இடமில்லாதவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தென் கரோலினாவின் சார்லஸ்டனில் டென்மார்க் வீசி என்ற தச்சர், லாட்டரியில் விழுந்த பணத்தால் தம் விடுதலையை விலைக்கு வாங்கியவர். 1822இல் பெரிய எழுச்சி ஒன்றைத் திட்டமிட்டதாகக் குற்றம்சாட்டி அவரையும் சேர்த்து 35 பேரைத் தூக்கிலிட்டார்கள். மிசௌரி விவாதத்தில் ரூபஸ் கிங் பேசிய பேச்சை வீசி படித்துக் காட்டினார் என்கின்றன விசாரணைக் குறிப்புகள். அந்தக் குறிப்புகளை எவ்வளவு நம்பலாம் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதிகாரிகள் பயந்தது உண்மை. அந்த ஆண்டே தென் கரோலினா, துறைமுகத்துக்கு வரும் சுதந்திரக் கறுப்பின மாலுமிகளைக் கப்பல் புறப்படும்வரை சிறையில் வைக்கச் சட்டம் செய்தது.

நிலப்பசி ஆறவில்லை. 1830இல் பழங்குடி மக்களை மிசிசிப்பிக்கு மேற்கே வெளியேற்றும் சட்டம் பிரதிநிதிகள் அவையில் 102க்கு 97 என்று நிறைவேறியது. ஐந்து வாக்கு வேறுபாடு! அடிமைகளை எண்ணிக் கிடைத்த கூடுதல் இடங்கள் இல்லாதிருந்தால் அந்தச் சட்டம் தேறியிருக்குமா என்று கேட்க இடமிருக்கிறது. 1838-39இல் செரோக்கி மக்கள் துரத்தப்பட்ட பயணத்தில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஒருவரின் உழைப்பைப் பறித்ததில் கிடைத்த வாக்கு, இன்னொருவரின் நிலத்தைப் பறிக்க உதவியது.

முடிவுரை

பரவல் வாதத்தை அதன் சொந்த அளவுகோலாலேயே அளந்து பார்க்கலாம். வர்ஜீனியாவிலிருந்து லட்சக்கணக்கில் ஆட்களை வெளியேற்றியும், 1790இல் 2.9 லட்சமாக இருந்த அதன் அடிமைகள் 1860இல் 4.9 லட்சம். மேரிலாந்தில் எண்ணிக்கை குறைந்தது உண்மை. விற்பனையோடு, உடையவரே விடுவித்ததும் அதற்குக் காரணம். பரவிச் சென்ற மிசிசிப்பியில் மக்களில் பாதிக்கு மேல் அடிமைகள். விடுதலை எளிதாகும் என்றார்களே, அதுவும் நடக்கவில்லை. பருத்தி விலையோடு அடிமையின் விலையும் ஏற, விடுவிப்பதற்குத் தெற்கில் சட்டங்களே தடை போட்டன.

1820 கோட்டை 1854இல் நாடாளுமன்றமே அழித்தது. அந்தக் கோடு தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1857இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1861இல் உள்நாட்டுப் போர் வந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

1820 உடன்பாட்டை நாட்டைக் காத்த அரசியல் ஞானம் என்று போற்றுவோர் உண்டு. நாற்பது ஆண்டு அமைதி கிடைத்தது என்பார்கள். அந்த அமைதி யாருக்குக் கிடைத்தது என்று கேட்காமல் இந்தப் புகழ்ச்சியை ஏற்க முடியாது. அந்த நாற்பது ஆண்டுகளில்தான் சங்கிலியில் கோத்த வரிசைகள் மிகுதியாகத் தெற்கே நடந்தன. சமரசத்தின் விலையைக் கொடுத்தவர்கள் அந்த மேசையில் உட்காரவே இல்லை. காலம் தீர்க்கும் என்று ஒரு சிக்கலைத் தள்ளிப்போடும்போது, அந்தக் காலத்தை யார் சுமக்கிறார்கள் என்று பார்ப்பதே வரலாற்று மாணவர் செய்ய வேண்டிய முதல் கணக்கு.

1865இல் அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்தின் வாசகம் புதிதாக எழுதப்பட்டதன்று. 1787இல் ஒகையோவின் வடகரைக்கு எழுதிய அதே விதியைத்தான் எடுத்து, சிறு மாற்றங்களோடு நாடு முழுமைக்கும் ஆக்கினார்கள். செய்ய வேண்டியது என்ன என்பது அந்தக் குடியரசுக்குத் தொடக்கத்திலேயே தெரியும், எழுதியும் வைத்திருந்தது. அதைத் தென்கரைக்கும் சேர்த்துச் சொல்ல எழுபத்தெட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

 வணக்கம்.